இருட்டில் காத்திருந்த வண்ணங்கள்: ஒரு பழைய தகர வண்ணப்பெட்டியின் நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் தெற்கே, சசெக்ஸ் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் ஒரு பழம்பொருள் சந்தையில் அந்தப் பெட்டி கிடைத்தது. துருப்பிடித்த சாவிகள், கைப்பிடி உடைந்த கோப்பைகள், யாரோ ஒருவரின் ராணுவப் பதக்கங்கள் ஆகியவற்றுக்கு நடுவே கறுப்பாக, ஒரு பெரிய பென்சில் டப்பா மாதிரி கிடந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை எனாமல், பன்னிரண்டு சிறிய பீங்கான் கிண்ணிகள், அவற்றில் காய்ந்து வெடித்த வண்ணம். 25 பவுண்டு. விற்ற பெண்மணி, "என் பாட்டியின் அத்தை வைத்திருந்தது, முதல் உலகப் போருக்கு முன்னால் வாங்கியதாம்" என்றார். "வண்ணமெல்லாம் செத்துப்போச்சு, அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் சரிதானா என்று பார்ப்பதே இந்த ஆய்வு. பெட்டியை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சோதித்தேன், சுத்தம் செய்தேன், இரண்டு கிண்ணிகளை அகற்றினேன், மீதியை வைத்து இன்றும் வரைந்துகொண்டிருக்கிறேன். பழைய நீர்வண்ணப் பெட்டி ஒன்று கைக்கு வந்தால் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தொடவே கூடாது என்று தேடுகிறவர்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

பெட்டியின் வயதும் பிறப்பும்

மூடியின் உட்புறத்தில் மங்கிப்போன எழுத்துகளில் வின்சர் அண்ட் நியூட்டன் லிமிடெட், ராத்போன் பிளேஸ், லண்டன் என்று இருந்தது. கூடவே, மன்னருக்கும் அரசிக்கும் வண்ணம் வழங்குபவர்கள் என்ற வரி. வயதைக் கணிக்க இது போதும். 1832இல் வில்லியம் வின்சரும் ஹென்றி நியூட்டனும் ராத்போன் பிளேஸில் தொடங்கிய அந்தக் கடை 1882இல்தான் லிமிடெட் நிறுவனம் ஆனது. அதற்கு முந்தைய பெட்டிகளில் அந்தச் சொல் இருக்காது. விக்டோரியா அரசி 1901இல் இறந்தார். மன்னரும் அரசியும் சேர்ந்து வரும் வாசகம் அதற்குப் பிந்தையது. ஆக, பாட்டியின் அத்தை கதை நம்பும்படியாகவே இருந்தது.

இந்த மாதிரிப் பெட்டி எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால், அது ஏன் இன்னும் வேலை செய்கிறது என்பதும் புரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை ஓவியர்கள் நிறமியைத் தாங்களே அரைத்து, பிசின் கலந்து, சிப்பி ஓடுகளில் வைத்துக்கொண்டார்கள். லண்டனைச் சேர்ந்த வில்லியம் ரீவ்ஸ், தாமஸ் ரீவ்ஸ் சகோதரர்கள் அதைக் கட்டியாக வார்த்து விற்கத் தொடங்கினார்கள். 1781இல் லண்டனின் கலைகளுக்கான கழகம் (Society of Arts) அதற்காக அவர்களுக்கு வெள்ளியாலான வண்ணக் கலவைத் தட்டு ஒன்றைப் பரிசளித்தது. அந்தக் கட்டி கல் மாதிரி இறுகியிருக்கும். சந்தனக் கட்டையைக் கல்லில் இழைப்பது போல, ஈரப் பீங்கான் தட்டில் இழைத்து இழைத்துத்தான் வண்ணம் எடுக்க வேண்டும். நல்ல மஹோகனி மரப் பெட்டி, அதில் இழுப்பறை, தண்ணீர்க் கண்ணாடி, இழைக்கும் தட்டு என்று அந்தக் காலப் பெட்டிகள் பார்க்க அழகோ அழகு. ஆனால் மேசையை விட்டு நகராதவை.

1835இல் வின்சர் அண்ட் நியூட்டன் வண்ணத்தில் கிளிசரின் கலந்தது. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் வண்ணம் முழுதாக இறுகாது. ஈரத் தூரிகையால் ஒரு முறை தொட்டாலே நிறம் வரும். இழைக்கும் வேலை போனது, தட்டு போனது, மரப் பெட்டியின் எடையும் போனது. வெளியே கறுப்பு வார்னிஷ், உள்ளே வெள்ளை எனாமல், அடியில் கட்டைவிரல் நுழைக்க ஒரு வளையம், விரித்தால் கலவைத் தட்டாகும் மூடி. இந்தத் தகரப் பெட்டி ஓவியரை வயல்வெளிக்கு அழைத்துப்போனது.

அப்படி வெளியே போகும் ஆசை ஓவியர்களிடம் பலமாகவே இருந்தது. ஆங்கில ஓவியர் டர்னர் ஒரு பழைய பஞ்சாங்கத்தின் அட்டைக்குள் வண்ணக் கட்டிகளை ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பயணம் போயிருக்கிறார். அந்த அட்டை லண்டன் ராயல் அகாடமியில் இருக்கிறது. நம் பக்கமும் இந்த வண்ணங்கள் சீக்கிரமே வந்துவிட்டன. கோயில்களையும் கல்வெட்டுகளையும் தேடித் தென்னிந்தியா முழுக்க அலைந்த ஆங்கிலேய ஆட்சிக் கால நில அளவையாளர் காலின் மெக்கன்சியின் குழுவினர் தீட்டிய நீர்வண்ணப் படங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

அப்புறம் இன்னொரு செய்தி. 1850களின் தொடக்கத்தில் அதே கலைகளுக்கான கழகம், ஒரு ஷில்லிங்குக்கு விற்கும்படி நல்ல வண்ணப்பெட்டி செய்பவருக்குப் பரிசு என்று அறிவித்தது. அப்படி வந்த ஷில்லிங் பெட்டி 1870க்குள் ஒரு கோடிக்கு மேல் விற்றது. பழைய பெட்டிகள் இன்னும் சந்தைகளில் புரளுவதற்கு இது ஒரு காரணம். அரசிக்குச் செய்த பெட்டி காட்சிக்கூண்டுக்குப் போய்விட்டது. பள்ளிப் பிள்ளைக்கும் அத்தைக்கும் விற்ற பெட்டி பரணில் தங்கிவிட்டது.

கிண்ணிகள் சொன்ன கதை

வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் எதையும் நனைக்கவில்லை. படம் எடுத்தேன், ஒவ்வொரு கிண்ணியையும் வெளியே எடுத்துச் சுற்றியிருந்த காகிதச் சீட்டைப் படித்தேன். பன்னிரண்டும் இவை: இந்தியன் யெல்லோ, கேம்போஜ் (மஞ்சள்), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் (சிவப்பு), லைட் ரெட் (மண் சிவப்பு), கிரிம்சன் லேக் (அடர்சிவப்பு), ரோஸ் மேடர் (ரோஜாச் சிவப்பு), கோபால்ட் ப்ளூ, பிரஷ்யன் ப்ளூ, எமரால்ட் கிரீன், ஹூக்கர்ஸ் கிரீன், வண்டைக் பிரவுன்.

பெட்டியை வைத்திருந்தவர் என்ன வரைந்தார் என்பது அந்தக் கிண்ணிகளிலேயே எழுதியிருந்தது. கோபால்ட் ப்ளூ நடுவில் குழி விழுந்து முக்கால்வாசி தீர்ந்திருந்தது. லைட் ரெட்டும் யெல்லோ ஓக்கரும் பாதி. கோபால்ட்டையும் லைட் ரெட்டையும் கலந்தால் இங்கிலாந்து வானத்தின் மேகச் சாம்பல் அப்படியே வரும். அந்த அம்மா வானத்தையும் மண்ணையும் வரைந்தவர். எமரால்ட் கிரீனை அவர் தொட்டதாகவே தெரியவில்லை. அது எவ்வளவு நல்ல விஷயம் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்தியன் யெல்லோ கிண்ணி மட்டும் பீங்கான் வெளுப்புத் தெரியும்வரை சுரண்டி எடுக்கப்பட்டுக் காலியாக இருந்தது. அது மனதைத் தொட்டது. அந்த மஞ்சள் பீகாரில், முங்கேர் அருகே மிர்சாபூர் என்ற ஊரில் செய்யப்பட்டது. மாடுகளுக்கு மாவிலை மட்டுமே தின்னக் கொடுத்து, அவற்றின் சிறுநீரைக் காய்ச்சி எடுத்த மஞ்சள் அது. 1883இல் திரைலோக்கியநாத் முகர்ஜி என்பவர் அந்த ஊருக்கே போய்ப் பார்த்து லண்டனுக்கு எழுதி அனுப்பினார். கதை பொய்யாக இருக்கும் என்று பலர் வெகுகாலம் சந்தேகப்பட்டார்கள். அவர் கொடுத்தனுப்பிய மாதிரியை அண்மையில் ஆராய்ந்தவர்கள் அவர் சொன்னது பொருந்துகிறது என்றே கண்டிருக்கிறார்கள். மாவிலை மட்டும் தின்று மெலிந்த மாடுகளை நினைத்தால் அந்த நிறம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோனதற்காக வருந்த முடியவில்லை. ஆனாலும் கடைசித் துளிவரை அதைப் பயன்படுத்திய ஒருவர் இருந்தார் என்பதற்கு அந்த வெற்றுக் கிண்ணி சாட்சி.

நனைத்துப் பார்த்தது

கும்பகோணத்தில் எனக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த சாருக்குத் தொலைபேசியில் பெட்டியைப் பற்றிச் சொன்னேன்.

"காய்ஞ்சு வெடிச்சிருக்கு சார். நூறு வருஷம் ஆயிருக்கும். எடுத்துப் போட்டுடவா?"

"அவசரப்படாதே தம்பி. உள்ள இருக்கிறது வேலம் பிசின்தானே? பிசினுக்கு வயசு தெரியாதுப்பா. தண்ணி காட்டு, எழுந்து உட்காரும்."

அவர் சொன்னதுதான் இந்தப் பெட்டியின் ரகசியம். எண்ணெய் வண்ணம் காய்ந்தால் அது ஒரு வேதிமாற்றம். எண்ணெய் காற்றோடு சேர்ந்து திரும்ப இளக முடியாத தோலாகிவிடும். நீர்வண்ணத்தில் நிறமியைப் பிடித்துவைப்பது வேலமரப் பிசின். தண்ணீர் ஆவியானால் இறுகும், தண்ணீர் திரும்ப வந்தால் கரையும். வேறு எதுவும் நடப்பதில்லை. ஐந்து நிமிடம் காய்ந்தாலும் நூறு ஆண்டு காய்ந்தாலும் பிசினுக்கு ஒன்றுதான்.

கிண்ணிக்கு இரண்டு சொட்டு வடித்த நீர் விட்டு ஒரு மணி நேரம் வைத்தேன். கோபால்ட் ப்ளூ முதலில் எழுந்தது. பிறகு மண் நிறங்களான யெல்லோ ஓக்கரும் லைட் ரெட்டும். பிரஷ்யன் ப்ளூ தூரிகை பட்டதுமே கறுப்பு மாதிரி அடர்த்தியாக இறங்கியது. கேம்போஜ் ஒரு மரத்தின் பால், அதற்குள்ளேயே அதன் பிசினும் இருக்கிறது. அழுக்குப் பழுப்பாகத் தெரிந்த அந்தக் கட்டி தண்ணீர் பட்டதும் பளீரென்ற மஞ்சளாக மாறியபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். ரோஸ் மேடரும் வண்டைக் பிரவுனும் முரண்டு பிடித்தன. அவற்றுக்குத் தண்ணீரோடு ஒரு சொட்டு கிளிசரின் கலந்து ஓர் இரவு வைத்ததும் இளகின. கிளிசரின் இல்லாவிட்டால் சிறிது தேன் போதும். ஆனால் ஈரப்பதம் அதிகமான ஊரில் தேன் வேண்டாம், பூஞ்சணம் பிடித்துவிடும்.

எமரால்ட் கிரீனையும் வெர்மிலியனையும் நனைக்கவில்லை.

விஷம்

இதை நிதானமாகப் படியுங்கள். எமரால்ட் கிரீன் என்பது செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த பொருள். 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரில் தயாரிப்புக்கு வந்தது. சுவர்க் காகிதம், செயற்கைப் பூக்கள், துணி என்று அந்த நூற்றாண்டு முழுவதும் பரவியது. பூச்சிக்கொல்லியாகவும் அதையேதான் தெளித்தார்கள். வெர்மிலியன் என்றால் பாதரசமும் கந்தகமும். பழைய பெட்டிகளில் அடிக்கடி தென்படும் குரோம் யெல்லோவில் ஈயம் இருக்கும்.

பெட்டிக்குள் சும்மா இருக்கும்போது இவை ஒன்றும் செய்யாது. மூன்று பழக்கங்கள்தாம் ஆபத்து. தூரிகை நுனியைக் கூராக்க வாயில் வைத்துச் சப்புவது முதலாவது. என் தலைமுறை ஓவியர்களில் பாதிப் பேருக்கு இன்னும் அந்தப் பழக்கம் உண்டு. காய்ந்த கட்டியைச் சுரண்டித் தூளாக்குவது இரண்டாவது. பெட்டியின் துருவையும் பழைய எனாமலையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மூன்றாவது. அந்தக் காலப் பூச்சிலேயே ஈயம் இருக்கக்கூடும், தூள் மூச்சில் போய்விடும். ஈரத் துணியால் துடையுங்கள், அது போதும். கையுறை போட்டுக்கொண்டு அந்த இரண்டு கிண்ணிகளையும் எடுத்து, சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, பெயர் எழுதி வைத்தேன். பிறகு நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படைத்தேன். கழிவுநீர்த் தொட்டியில் கழுவிவிடுவது சரியில்லை.

குழந்தைகள் கையில் பழைய வண்ணப்பெட்டியைக் கொடுக்கவே கூடாது. தாத்தா பெட்டி, பேத்தி வரையட்டும் என்ற ஆசை புரிகிறது. பெட்டியைக் கொடுங்கள். உள்ளே இருக்கும் கட்டிகளை மாற்றிவிட்டுக் கொடுங்கள்.

ஜன்னல் சோதனை

எழுந்து உட்கார்ந்த வண்ணம் நிலைக்குமா என்பதுதான் அடுத்த கேள்வி. பருத்திக் காகிதத்தில் ஒன்பது நிறங்களையும் பட்டைப் பட்டையாகத் தீட்டினேன். ஒவ்வொரு பட்டையின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, தெற்கு பார்த்த ஜன்னலில் ஒட்டினேன். மார்ச் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம்.

தாளைப் பிரித்தபோது கிரிம்சன் லேக் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு அது. மூடியிருந்த பாதி மாதுளை மாதிரி மின்னியது, வெளிச்சம் பட்ட பாதியில் லேசான பழுப்புக் கறை மட்டும். கேம்போஜ் பாதிக்கு மேல் போய்விட்டது. ஹூக்கர்ஸ் கிரீன் வேடிக்கையாக இருந்தது. தாவரங்களை வரைந்த வில்லியம் ஹூக்கரின் பெயர் கொண்ட அந்தப் பச்சை, பிரஷ்யன் ப்ளூவும் கேம்போஜும் கலந்தது. மஞ்சள் பாதி வெளுத்ததால் பச்சை நீலமாகிவிட்டது. பழைய நீர்வண்ண ஓவியங்களில் மரங்கள் நீலமாக நிற்பதை அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு, அந்தக் காலத்துக் கண்ணுக்கு இலை அப்படித்தான் தெரிந்ததோ என்று நினைத்திருக்கிறேன். காரணம் என் ஜன்னலிலேயே இருந்தது. வண்டைக் பிரவுன் மங்கியது. ரோஸ் மேடர் சிறிது வெளுத்தது. பிரஷ்யன் ப்ளூவும் லேசாக வெளுத்திருந்தது, ஆனால் இழுப்பறைக்குள் சில வாரம் வைத்ததும் நிறம் திரும்பியது. அந்த நிறமியின் குணமே அது. கோபால்ட், ஓக்கர், லைட் ரெட் மூன்றும் இம்மியும் அசையவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1888இலேயே வால்டர் ரஸ்ஸல், வில்லியம் ஏப்னி என்ற இருவர் நீர்வண்ணங்களை மாதக்கணக்கில் வெயிலில் வைத்துச் சோதித்து பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கிய ஓவியங்கள் வெளுக்கின்றனவா என்று அப்போது பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அவர்கள் கண்டதில் முக்கியமானது, வெளிச்சம் மட்டும் குற்றவாளி இல்லை, காற்றும் ஈரமும் கூடச் சேர வேண்டும் என்பது. காற்றை அகற்றிய குழாய்க்குள் பெரும்பாலான நிறங்கள் வெயிலிலும் தாக்குப்பிடித்தன. அந்தச் சூட்டில்தான் வண்ண வணிகர்கள் மேல் கேள்வி திரும்பியது. எந்த வண்ணத்தில் என்ன இருக்கிறது, எது நிலைக்கும் என்ற பட்டியலை வின்சர் அண்ட் நியூட்டன் 1892இல் வெளியிட்டது. இன்று நாம் டியூபில் தேடிப் படிக்கும் நிறமி விவரங்களுக்கு அது முன்னோடி.

ஜன்னல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த அம்மா இதே கிரிம்சன் லேக்கால் தீட்டிய ரோஜாக்கள் எங்காவது சுவரில் இருந்தால் இந்நேரம் வெளிறியிருக்கும். ஆனால் அவர் தீட்டாமல் விட்ட மிச்சம், மூடிய தகரத்தின் இருட்டில், வாங்கிய நாளின் சிவப்போடு இருக்கிறது. அவர் பார்த்த நிறத்தை இன்று பார்க்க வேண்டுமானால் ஓவியத்தைவிடப் பெட்டிதான் நம்பகமான இடம். அழியும் நிறங்களை அதனால்தான் நான் தூக்கி எறியவில்லை. கிரிம்சன் லேக்கும் கேம்போஜும் நோட்டுப் புத்தகத்துக்கு மட்டும் என்று முடிவு செய்தேன். மூடிவைக்கும் நோட்டில் அவை வாழும். விற்கும் படத்திலோ ஒருவருக்குக் கொடுக்கும் படத்திலோ அவற்றைப் போடமாட்டேன், அது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம்.

மறுபடி வேலைக்கு

பெட்டியைச் சரிசெய்ய ஒரு மாலை போதுமானதாக இருந்தது. வெளித் துருவை ஈரத் துணியால் துடைத்து உடனே காயவைத்தேன். கீல்களுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு. கறுப்பு வார்னிஷ் உரிந்த இடங்களில் மெழுகு தேய்த்தேன். உள்ளே கிடந்த தூரிகையைப் பூச்சி அரித்திருந்தது, அதை விட்டுவிட்டேன்.

காலியான மூன்று இடங்களுக்கு என்ன வைப்பது? பழைய பெட்டியின் பெரிய வசதி இங்கேதான். இன்று கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிண்ணிகளும் அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கருவிக்கு இன்றைய உதிரிப்பாகம் பொருந்துவது எவ்வளவு அபூர்வம்! எமரால்ட் கிரீன் இருந்த இடத்தில் விரிடியன் வைத்தேன், அது 1859இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற நல்ல பச்சை, வெளிச்சத்துக்கு அஞ்சாதது. வெர்மிலியனுக்குப் பதில் பைரோல் சிவப்பு. இந்தியன் யெல்லோ கிண்ணி மட்டும் பீங்கானாகவே இருக்கட்டும் என்று வெறுமையாக விட்டேன். கிரிம்சன் லேக் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணியை நெருக்கிக் குவினாக்ரிடோன் ரோஸ் சேர்த்தேன், படங்களுக்கு அதுதான் இப்போது என் சிவப்பு.

டியூபிலிருந்து நிரப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரேயடியாக நிரப்பினால் மேலே தோல் கட்டி நடுவில் வெடிக்கும். மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, குச்சியால் கலக்கிக் காற்றுக் குமிழியை எடுத்து, இரண்டு நாள் காயவிட்டு அடுத்த அடுக்கு ஊற்ற வேண்டும்.

வரைந்து பார்த்ததில் நான் எதிர்பாராத நன்மை மூடியில் இருந்தது. புதிய பிளாஸ்டிக் தட்டில் நீர்வண்ணம் தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு ஓடும், ஒரு கழுவலின் (நீர்த்த வண்ணப் பூச்சின்) அடர்த்தியைக் கணிக்கவே முடியாது. இந்தப் பெட்டியின் எனாமல் பல ஆண்டு தேய்ந்து வழவழப்பு போயிருக்கிறது. வண்ணம் அதன் மேல் படர்ந்து நிற்கிறது. காகிதத்தில் எப்படி விழும் என்று தட்டிலேயே தெரிந்துவிடுகிறது. கட்டைவிரல் வளையமும் அப்படித்தான். இடது கையில் மாட்டிக்கொண்டால் நின்றபடியே வரையலாம். செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைகளின் எதிரே காற்று அடிக்கும்போது முக்காலியில் வைத்த புதிய தட்டு இருமுறை பறந்திருக்கிறது. இது கையை விட்டுப் போனதில்லை.

குறையும் உண்டு. மூடியின் ஒரு கீல் தளர்ந்துவிட்டது, நகைக்கடைக்காரர் ஒருவரிடம் பற்றவைக்கக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு இடம் பூ வரைபவர்களுக்குப் போதாது. கலவைக் குழிகள் ஆழமில்லாததால் பெரிய தாளுக்கு வானம் கழுவ இன்னொரு தட்டு வேண்டியிருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் மஹோகனிப் பெட்டியின் அழகில் மயங்க வேண்டாம் என்பேன். முழுக் கட்டிகளோடு இருக்கும் மரப் பெட்டிக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையை ஓவியர் கொடுக்க வேண்டியதில்லை. வண்ணமே இல்லாத, கறுப்பு உரிந்த தகரப் பெட்டி போதும். வாங்கும் முன் கீலைத் திறந்து மூடிப் பாருங்கள். அடித்தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். எனாமல் செதில் செதிலாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

சாருக்கு ஜன்னல் தாளைத் தபாலில் அனுப்பினேன். வெளுத்த பாதியையும் மூடிய பாதியையும் மாணவர்களுக்குக் காட்டினாராம். ஒரு பையன் மூடிய பாதியை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொன்னார். இங்கே, நான் வானம் வானமாக வரைந்ததில் கோபால்ட் கிண்ணியின் குழி அடியைத் தொட்டுவிட்டது. அந்த அம்மா விட்டுப்போன நீலம் இன்னும் ஒரு படத்துக்கு வரும். அடுத்த வாரம் டியூப் வாங்க வேண்டும்.